பிழைத்தால் மட்டும் போதுமா?



எங்கள் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்த பெரியவர் ஒருவர் இருந்தார். அவருக்கு வாயில் புற்றுநோய் கண்டது. பட்டணத்துப் பெரிய மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சையும் கதிர்ச் சிகிச்சையும் பெற்று வீடு திரும்பினார். அன்று லயமே திரண்டு அவர் வாசலில் நின்றது. மாரியம்மன் கோயிலில் பொங்கல் வைத்தார்கள். "பிழைத்து வந்துவிட்டார், இனி என்ன கவலை?" என்று எல்லாரும் சொன்னார்கள். நாமும் அப்படித்தான் சொன்னோம்.

மூன்று மாதம் சென்றது. நான்காம் ஆண்டில் பயின்ற அவருடைய பேத்தி ஒரு நாள் எங்களிடம் வந்து, "சார், தாத்தா எங்களோட சாப்பிட மாட்டேங்கிறாரு. குசினியில போய்த் தனியா உட்கார்ந்துக்கிறாரு. எங்க மேல கோபம் போல" என்றாள்.

அவருக்குக் கோபம் ஏதும் இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. சோற்றை மெல்ல முடியவில்லை. உமிழ்நீர் வற்றிப்போனதால் கவளம் தொண்டையில் இறங்கவில்லை. குடித்த கஞ்சி உதட்டோரம் வழிந்தது. பேரப்பிள்ளைகள் அதைப் பார்க்க வேண்டாமென்று எண்ணி அவர் எழுந்து போனார். உயிர் திரும்பி வந்தது; ஆனால் வீட்டாரோடு ஒன்றாக அமர்ந்து உண்ணும் சோறு திரும்பி வரவில்லை.

நோயாளி பிழைப்பாரா என்று கேட்ட மருத்துவ உலகம், பிழைத்தவர் எப்படி வாழ்வார் என்று கேட்கக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் பிடித்தது. அந்த வரலாற்றைத்தான் இன்று நாம் காணவிருக்கிறோம்.

ஆஸ்திரிய நாட்டின் தலைநகரான வியன்னாவிற்குச் செல்வோம். 1873-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள். தியோடர் பில்ரோத் என்னும் அறுவை மருத்துவர், புற்றுநோய் கண்ட குரல்வளையை முழுவதுமாக அகற்றினார். புற்றுநோய்க்காக இவ்வாறு செய்யப்பட்ட முதல் அறுவை இதுவே. நோயாளிக்கு அகவை 36. சமயப் பாடம் கற்பிக்கும் ஆசிரியர் அவர்.

நேயர்களே, குரல்வளை என்பது நம் கழுத்தின் முன்புறம் மேடாகத் தட்டுப்படும் உறுப்பு. மூச்சு அதன் வழியே போய் வருகிறது. பேச்சொலி அங்கே பிறக்கிறது. அதனை எடுத்துவிட்டால் கழுத்தில் வைத்த துளை வழியேதான் மூச்சு விடவேண்டும். வாய் அசையும், ஒலி வராது. ஆசிரியர் ஒருவருக்குக் குரல் போனால் என்ன மிஞ்சும்? வகுப்பறையில் நிற்கும் எங்களுக்கு இக்கேள்வி நெஞ்சைத் தைக்கிறது.

பில்ரோத்தின் உதவியாளர் குசன்பவர் என்பவர் இதை எண்ணிப் பார்த்தார். ஆர்மோனியப் பெட்டிக்குள் அதிரும் உலோகத் தகட்டைப் போன்ற ஒன்றைப் பொருத்தி, செயற்கைக் குரல்வளை ஒன்றைச் செய்தார். அந்த ஆசிரியரும் ஏற்ற இறக்கமில்லாத ஒரே சுருதியில் பிறருக்குப் புரியுமாறு பேசினார். ஆனால் சில மாதங்களிலேயே நோய் மீண்டும் தலைகாட்டியது. 1874-ஆம் ஆண்டு முடியுமுன் அவர் மறைந்தார்.

உயிரைக் காப்பதே அரிதாக இருந்த காலம் அது. ஆகவே அடுத்து வந்த தலைமுறைகளின் கவனமெல்லாம் நோயை வேரோடு எடுப்பதிலேயே நின்றது. வாய்ப் புற்றுநோய் கழுத்திலுள்ள நெறிக்கட்டிகளுக்குப் பரவும். 1906-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் கிரைல், அக்கட்டிகளைக் கூண்டோடு அகற்றும் முறையை 132 அறுவைகளின் அடிப்படையில் விளக்கி எழுதினார். 1951-ஆம் ஆண்டில் நியூயார்க் மருத்துவர் ஹேய்ஸ் மார்ட்டின் அம்முறையை மேலும் உறுதிப்படுத்தினார். தோளை உயர்த்த உதவும் நரம்பையும் சேர்த்தே எடுத்துவிடவேண்டும் என்பது அவர் கொள்கை. பலர் உயிர் பிழைத்தனர். ஆனால் அவர்களுடைய தோள் சரிந்தது. கை தலைக்குமேல் எழவில்லை. காண்டா வாளியைத் தோளில் சுமந்த மக்களுக்கும், செம்பனைக் குலையை அண்ணாந்து அறுக்கும் மக்களுக்கும் தோள் போனால் என்னவாகும் என்று நாம் விளக்க வேண்டியதில்லை. 1960-களில் அர்ஜென்டினாவின் சுவாரஸ், இத்தாலியின் போக்கா ஆகிய மருத்துவர்கள், இயன்ற இடத்தில் அந்த நரம்பைக் காத்துக்கொண்டே கட்டிகளை எடுக்க வழிகாட்டினர்.

இதற்கிடையே 1920-களில், பாரிஸ் நகரில் ஆன்ரி கூத்தார் என்பவர் கதிர்ச் சிகிச்சையைப் பல நாள்களுக்குப் பங்கிட்டுச் சிறிது சிறிதாகக் கொடுத்துத் தொண்டைப் புற்றுநோயைக் குணப்படுத்திக் காட்டினார். இன்றும் கதிர்ச் சிகிச்சை வாரக்கணக்கில் நாள்தோறும் கொடுக்கப்படுவதற்கு அதுவே முன்னோடி. ஆனால் கதிர் நோயை மட்டும் தேடிச் சுடுவதில்லை. உமிழ்நீர்ச் சுரப்பியையும் சுடுகிறது, தாடை எலும்பின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது, தசையை இறுக்குகிறது. இவற்றுள் சில, சிகிச்சை முடிந்து பல ஆண்டுகள் கழித்தே வெளிப்படும்.

மீண்டும் வியன்னாவிற்கு வருவோம். பில்ரோத்தின் அறுவை நடந்து ஐம்பதாண்டுகள் கழிந்த 1923-ஆம் ஆண்டு. மனத்தின் ஆழத்தை ஆராய்ந்து உளப்பகுப்பாய்வு என்னும் துறையைத் தோற்றுவித்த சிக்மண்ட் பிராய்ட் அந்நகரில் வாழ்ந்தார். நாளொன்றுக்கு இருபது சுருட்டுவரை புகைத்தவர் அவர். அவ்வாண்டு பிப்ரவரியில் தம் வாயின் மேற்பகுதியில் ஒரு வளர்ச்சியைக் கண்டார். ஏப்ரல் மாதம் வீட்டாருக்குச் சொல்லாமலேயே சென்று அறுவை செய்துகொண்டார். சிறிய அறுவை, மாலைக்குள் திரும்பிவிடலாம் என்று எண்ணினார்.

ஆனால் இரத்தம் பெருகியது. செய்தியறிந்து ஓடிவந்த மனைவியும் மகளும், பார்வையாளர் இருக்கக்கூடாத நேரம் என்று அனுப்பிவைக்கப்பட்டனர். அவர்கள் போனபின் மீண்டும் இரத்தம் கொட்டியது. அவர் அழைப்பு மணியை அழுத்தினார், மணி ஒலிக்கவில்லை. கூப்பிடக் குரலும் எழவில்லை. அதே அறையில் குள்ள உருவமும் வளர்ச்சி குன்றிய அறிவும் கொண்ட ஏழை நோயாளி ஒருவர் இருந்தார். அவர் ஓடிச் சென்று தாதியை அழைத்து வந்தார். உலகம் போற்றிய பேரறிஞரின் உயிரை அன்று காத்தவர், உலகம் பொருட்படுத்தாத ஒரு மனிதர்.

அக்டோபர் மாதம் ஆன்ஸ் பிக்ளர் என்னும் தேர்ந்த மருத்துவர் பெரிய அறுவை செய்தார். வலப்பக்கத்து மேல்தாடையிலும் அண்ணத்திலும் பெரும்பகுதி எடுக்கப்பட்டது. வாய்க்கும் மூக்கிற்கும் இடையேயிருந்த தடுப்பு இல்லாமற் போனது. குடித்த நீர் மூக்கிற்கு ஏறும்; பேசினால் மூக்கொலியே வரும். அந்தப் பள்ளத்தை அடைக்க, பொய்ப்பல் கட்டைப் போன்ற பெரியதொரு செயற்கை அண்ணம் செய்து பொருத்தினர். அது இறுக்கமாக இருந்தால் வாய் புண்ணாகும். தளர்ந்தால் பேச்சும் இல்லை, உணவும் இல்லை. அவர்கள் அதற்கு "அரக்கன்" என்று பெயர் வைத்தார்கள். ஒருமுறை கழற்றியதைத் திரும்பப் பொருத்த முடியாமல் அவரும் மகள் அன்னாவும் அரைமணி நேரம் போராடி, முடிவில் மருத்துவரை அழைக்க வேண்டியதாயிற்று.

அரக்கனோடு அவர் எத்தனை காலம் வாழ்ந்தார் தெரியுமா? பதினாறு ஆண்டுகள். அதற்குள் முப்பதுக்கும் மேற்பட்ட அறுவைகள். மீண்டும் மீண்டும் புதிய அண்ணங்கள். வலப்புறக் காது கேளாமற் போயிற்று. நோயாளிகளின் சொல்லைக் கேட்பதே அவருடைய தொழில். ஆகவே நோயாளி படுக்கும் கட்டிலையும் தம் நாற்காலியையும் இடம் மாற்றிப் போட்டு, இடக்காதால் கேட்டார். 1924 ஜனவரியிலேயே மீண்டும் பணியைத் தொடங்கிவிட்டார். புகழ்பெற்ற நூல்கள் சிலவற்றை இந்தப் பதினாறு ஆண்டுகளில்தான் எழுதினார். 1930-இல் கோத்தே பரிசு கிடைத்தபோது நேரில் செல்ல இயலவில்லை. மகள் அன்னா பிராங்பர்ட் நகருக்குச் சென்று பெற்று வந்தார். 1938-இல் நாஜிகளிடமிருந்து தப்பி லண்டன் சேர்ந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பி.பி.சி. வானொலிக்காக அவர் பேசிய சில மணித்துளிப் பேச்சு இன்றும் இருக்கிறது. தட்டுத்தடுமாறி வரும் அக்குரலை, வானொலி கேட்கும் நாம் அறிந்திருப்பது நலம். 1939 செப்டம்பர் 23-ஆம் நாள், 83-ஆம் அகவையில் அவர் மறைந்தார்.

இத்தகைய மனிதரும் பிறர் முன்னிலையில் உண்பதைத் தவிர்த்தார் நேயர்களே. உலகப்புகழ் பெற்ற அறிஞருக்கும் எங்கள் தோட்டத்துப் பெரியவருக்கும் அந்தக் கூச்சம் ஒன்றுதான்.

பிராய்ட் தம் மகளிடம் ஓர் உறுதி பெற்றுக்கொண்டார். தம்மைக் கண்டு இரக்கம் காட்டக்கூடாது. செய்ய வேண்டியதை மருத்துவரைப்போல் அமைதியாகச் செய்யவேண்டும் என்பதே அது. அன்னா அதனை இறுதிவரை காத்தார். ஆனால் ஒன்றை நாம் நினைவில் வைக்கவேண்டும். பிராய்டுக்கு வியன்னாவின் சிறந்த மருத்துவர் வாய்த்தார். செயற்கை அண்ணம் செய்ய பெர்லினுக்குச் செல்லவும் வசதி இருந்தது. விடியுமுன் பெரட்டுக்கு ஓடிய எங்கள் பெரியவரின் மருமகளுக்கு அரைமணி நேரம் உடனிருந்து உதவ ஏது நேரம்? இன்னொன்று, பிராய்ட் சுருட்டைக் கடைசிவரை விடவில்லை. அதில் அவரைப் பின்பற்ற வேண்டாம். சிகிச்சைக்குப் பின்னும் புகைப்பவருக்கு நோய் திரும்பும் ஆபத்து கூடுகிறது என்பதை மருத்துவம் தெளிவாக அறிந்திருக்கிறது.

குரல் இழந்தோரின் கதை என்னவாயிற்று? அவர்கள் தாங்களே ஒருவருக்கொருவர் ஆசிரியரானார்கள். காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பம் விடுவதுபோல் வெளியேற்றி, அவ்வொலியைச் சொல்லாக்கும் பயிற்சியைப் பழையவர் புதியவருக்குக் கற்பித்தார்கள். 1952-இல் அமெரிக்காவில் குரல்வளை இழந்தோரின் அனைத்துலகச் சங்கம் தோன்றியது. 1980-இல் மார்க் சிங்கர் என்னும் மருத்துவரும் எரிக் புளோம் என்னும் பேச்சுப் பயிற்சியாளரும், மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் இடையே ஒரு சிறு வால்வை வைத்துப் பேசவைக்கும் முறையை வெளியிட்டனர். கழுத்துத் துளையை விரலால் மூடிப் பேசினால் நுரையீரலின் காற்றே குரலாக வரும். குசன்பவரின் கனவு நூறாண்டு கடந்து கைகூடியது எனலாம்.

அடுத்த ஆண்டு, அதாவது 1981-இல், அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கேள்வியைக் கேட்டார்கள். தீயணைப்பு வீரரும் நிறுவன அதிகாரிகளுமாக நலமுள்ள 37 பேரிடம், "குரலைக் காத்துக்கொள்வதற்காக, பிழைக்கும் வாய்ப்பில் கொஞ்சம் குறைந்தாலும் ஏற்பீர்களா?" என்று ஆராய்ந்தனர். ஏறத்தாழ ஐவரில் ஒருவர், அறுவையை விட்டுக் கதிர்ச் சிகிச்சையையே தேர்ந்தெடுப்பார் எனத் தெரிந்தது. உயிரின் நீளத்தை மட்டுமே அளப்பது போதாது என்பது அன்று எண்ணிக்கையாகவே வெளிப்பட்டது. பின்னர் 1991-இல், முன்னாள் படைவீரர் 332 பேரிடம் நடந்த ஆய்வு வெளிவந்தது. மருந்தும் கதிரும் சேர்த்துக் கொடுத்தபோது, அம்முறையில் சேர்ந்தவருள் 64 விழுக்காட்டினரின் குரல்வளையைக் காக்க முடிந்தது. இரண்டாண்டு பிழைத்தவர் விகிதமோ, அறுவை செய்த குழுவிலும் இக்குழுவிலும் ஒன்றாகவே இருந்தது.

1993-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தார் நோயாளிகளுக்கென ஓர் எளிய கேள்வித்தாளைத் தயாரித்தனர். அதில் ஒன்பது செய்திகள் இருந்தன: வலி, முகத்தோற்றம், நடமாட்டம், பொழுதுபோக்கு, வேலை, மெல்லுதல், விழுங்குதல், பேச்சு, தோள். எவ்வளவு எளிய சொற்கள் பாருங்கள்! ஒரு மனிதரின் முழு வாழ்வும் இவற்றுள் அடங்கிவிடுகிறது. மதிப்பெண் இடுபவர் மருத்துவர் அல்லர், நோயாளியே. இத்தகைய கேள்விகள் சிகிச்சை முறைகளையே மாற்றின. கதிரை உமிழ்நீர்ச் சுரப்பியின்மேல் விழாமல் வளைத்துச் செலுத்தும் புதுமுறையைப் பற்றிய ஆய்வு 2011-இல் பிரிட்டனில் வெளிவந்தது. பழைய முறையில் சிகிச்சை பெற்றவருள் ஓராண்டு கழித்து 74 விழுக்காட்டினருக்குக் குறிப்பிடத்தக்க வாய் வறட்சி இருந்தது. புதுமுறையில் அது 38 விழுக்காடாகக் குறைந்தது.

இவ்வரலாற்றில் நமக்கும் ஓர் இடம் உண்டு. மகிழ்ந்து சொல்லும் இடமன்று. 1976-இல் வெளிவந்த ஓர் ஆய்வு, தீபகற்ப மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையே மிகுந்திருப்பதைக் காட்டியது. காரணம் நம் இடுப்பு முடிச்சில் இருந்தது. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. வெட்டுக்காட்டில் பசியையும் களைப்பையும் மறக்கவே நம் பாட்டிமார் அதை வாயில் அடக்கினர். அவர்களைக் குறை கூறுவது நம் நோக்கமன்று. ஆனால் உண்மையை மறைப்பதும் நியாயமன்று. புகையிலை கலந்த வெற்றிலை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1985-இல் அறிவித்தது. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004-இல் அறிவித்தது. வாயில் மூன்று வாரம் ஆறாத புண், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, காரம் பட்டால் தாங்காத எரிச்சல், வாய் திறப்பது குறைந்துகொண்டே வருதல் ஆகியவற்றுள் எது கண்டாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டால் அறுவை சிறிதாகும். வாழ்வின் இழப்பும் சிறிதாகும்.

சிகிச்சை முடித்தவர் வீட்டில் இருந்தால், அந்த ஒன்பது செய்திகளையும் நாமே கேட்கலாம். ஆண்டுகள் பல சென்றாலும் கேட்கலாம். வாய் வறட்சி உள்ளவர் அடிக்கடி தண்ணீர் பருகட்டும். இனிப்புப் பானங்களைக் குறைக்கட்டும். உமிழ்நீர் இல்லாத வாயில் பல் விரைவில் சொத்தையாகும். கதிர்ச் சிகிச்சை பெற்றவர், எத்தனை ஆண்டு கழித்தாயினும், பல் பிடுங்குமுன் அச்செய்தியைப் பல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். இல்லையேல் தாடை எலும்பு ஆறாமல் அழுகக்கூடும். வாய் இறுகாமலிருக்கவும் தோள் விறைக்காமலிருக்கவும் கற்பித்த பயிற்சிகளை விடக்கூடாது. உண்ணும்போது இருமல் வந்தால் அதை முதுமை என்று தள்ளிவிடாதீர்கள். விழுங்கும் தசை தளர்ந்திருக்கலாம். காரணமில்லாத சோர்வும் குளிரும் கண்டால், கழுத்திலுள்ள தைராய்டு சுரப்பி தளர்ந்துள்ளதா என்று இரத்தம் சோதிக்கச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிற்கும் மேலாக, அவர் பேசும்போது காத்திருங்கள். அவர் சொல்லை நாம் முடித்து வைக்க வேண்டாம்.

எங்கள் பெரியவரின் பேத்திக்கு நாங்கள் பெரிதாக எதுவும் சொல்லிவிடவில்லை. "தாத்தாவுக்குக் கோபம் இல்லை, அம்மா. அவருக்குச் சாப்பிட நேரமாகும். நீயும் உன் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்கே போய்விடு" என்றோம். அவள் அப்படியே செய்தாள். சில நாளில் தம்பியும் சேர்ந்துகொண்டான். மருமகள் சோற்றைக் குழைய வேகவைத்து, ரசத்தைக் காரமின்றி ஊற்றித் தந்தார். ஒரு துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு பெரியவர் உண்டார். கடைசிவரை அவர் கூடத்துக்குத் திரும்பவில்லை. வீடுதான் குசினிக்குப் போய்ச் சேர்ந்தது.

நேயர்களே, பில்ரோத் காலத்தில் தொடங்கிய இந்த நீண்ட வரலாற்றில் கத்தியும் கதிரும் மருந்தும் தத்தம் பணியைச் செய்திருக்கின்றன. எஞ்சிய பணி நம்முடையது. இன்றிரவு சாப்பிட அமரும்போது, நம் வீட்டில் யாரேனும் தனியே உண்கிறாரா என்று ஒருமுறை பாருங்கள்.